சோளமாவுக்குள் கத்தி

தோம்னிகா கத்தியைச் சோளமாவு டப்பாவுக்குள் பிடி மறையும்வரை இறக்கி, மேலே மாவைத் தள்ளி மூடியை அழுத்தியபோது பின்கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அக்லாயா. தலையில் கறுப்புத் துணி, கக்கத்தில் உயிருள்ள கோழி.

"கத்தி கிடைச்சுதா?"

"எந்தக் கத்தி?"

"எந்தக் கத்தியா? உங்கம்மா கத்திதான். பெட்டிக்கு மேலால குடுக்கறதுக்கு எல்லாம் எடுத்து வெச்சாச்சு. வாளி, குவளை, போர்வை, இந்தக் கோழி. கத்தியை மட்டும் காணோம். முப்பது வருஷம் ஃபேக்டரி கேன்டீன்ல சமைச்சவ, அங்க போய் வெங்காயத்தைப் பல்லால கடிப்பாளா?"

"தேடறேன் அத்தை."

"ஒரு மணிக்குப் பாதிரியார் வந்துடுவார். அதுக்குள்ள தேடு."

முன்னறையில் அம்மா சஃப்தா மூன்றாவது நாளாகச் சவப்பெட்டியில் கிடந்தாள். கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இன்று பெட்டியைத் தூக்குமுன், மகள் ஒரு பக்கம் நின்று அம்மாவின் பொருள்களைப் பெட்டிக்கு மேலாக எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தது எல்லாம் அங்கே செத்தவளின் கைக்குப் போய்ச் சேரும். ஆனால் வாங்கியவர் அதை இங்கே புழங்க வேண்டும். இழுப்பறையில் தூங்கினால் அங்கேயும் தூங்கும். கொடுப்பவளே வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஆகவே கத்தி யாருக்குப் போகும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தோம்னிகாவின் தம்பி பெண்டாட்டி ரமோனாவுக்கு.

தோம்னிகா கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நீள மேசை. அடக்கம் முடிந்து வரும் எண்பது பேருக்கு முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைக்க வேண்டும். அதற்கு இருபது கிலோ வெங்காயம். பெண்கள் அவரவர் வீட்டுக் கத்தியோடு வந்திருந்தார்கள். மாறிப் போகாமல் இருக்கப் பிடிகளில் நூல் கட்டியிருந்தது, ஒவ்வொருத்திக்கு ஒரு நிறம். ரமோனாவின் கத்தியில் சிவப்பு. தோம்னிகாவுடையதில் நூல் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட அந்தக் கத்தியை யாரும் தப்பித் தவறிக்கூட எடுத்துப் போகமாட்டார்கள்.

அது அவள் கல்யாணத்துக்கு அம்மா கடையில் வாங்கிக் கொடுத்த கத்திப் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டியில் ஆறு கத்திகள், ஆறும் பளபளப்பு. ஒரு வருஷத்துக்குள் ஆறும் மழுங்கிவிட்டன. தீட்டினால் ஒரு வாரம் தாங்கும்.

ரமோனாவுக்குப் பெட்டி இல்லை. ரமோனாவை சஃப்தா சனிக்கிழமைச் சந்தைக்கே கூட்டிப் போனாள். பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் கத்தி அடிக்கும் கொல்லனிடம் ஒரு மணிநேரம் நின்றார்களாம். திரும்பி வந்து ரமோனா சொன்னதையெல்லாம் தோம்னிகா இந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. பிடியை ஒட்டிய இடத்தில் இரண்டு விரலால் பிடித்தால் முன்னும் சாயக் கூடாது, பின்னும் சாயக் கூடாது. அலகு அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் முட்டி பலகையில் இடிக்கும். கனமாக இருந்தால் நல்ல கத்தி என்று நினைக்காதே, சாயங்காலம் உன் மணிக்கட்டைக் கேள். சஃப்தா கோட்டுப் பையில் ஒரு வெங்காயம்கூடக் கொண்டு போயிருந்தாள். ஏழு கத்தியில் ஏழு துண்டு. கண் எரிந்தால் அது வெட்டவில்லை, நசுக்குகிறது என்று அர்த்தம். ஏழாவது கத்தியை வாங்கினார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தோம்னிகாவுக்கு அந்த வெங்காயத்தைக்கூட மறக்க முடியவில்லை.

இப்போது அவள் நறுக்க நறுக்கக் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அப்பாடா, பொண்ணு அழுதுட்டா," என்றாள் மேசைக்கோடியில் ஒருத்தி. "மூணு நாளா கல்லு மாதிரி உக்காந்திருந்தா."

"வெங்காயம்," என்றாள் தோம்னிகா.

"அழுடி, யாரு வேணாம்னா."

எதிரே ரமோனா இடது கையால் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் மழை மாதிரி சீராக இருந்தது. அவள் கண் உலர்ந்திருந்தது. காலையில் அழுது தீர்த்திருந்தாள், "அம்மா, அம்மா" என்று. மாமியாரை அம்மா என்று கூப்பிட யார் சொன்னது இவளை? அந்த வார்த்தை ரமோனா வாயில் வரும்போதெல்லாம் தோம்னிகாவுக்குச் சோற்றில் கல் கடிபட்டதுபோல இருக்கும்.

அக்லாயா வந்து மேசையில் கைகளை ஊன்றினாள். "கத்தியைக் காணோம். எல்லாரும் மடியை உதறுங்க."

"செத்தவ கூடவே எடுத்துட்டுப் போயிட்டாளோ என்னவோ," என்றாள் கோடியில் இருந்தவள்.

"கிடைச்சா அக்காகிட்டயே இருக்கட்டும்," என்றாள் ரமோனா. "எனக்கு வேணாம். எனக்குத்தான் ஒண்ணு இருக்கே."

தோம்னிகாவுக்குச் சுருக்கென்றது. இவள் விட்டுக்கொடுத்து நான் வாங்க வேண்டுமா?

"அவ எப்படி வாங்குவா? அவதான் குடுக்கறவ," என்றாள் அக்லாயா. "வாங்கினாலும் என்ன பண்ணுவா? அது இடக்கைக் கத்தி. முப்பது வருஷம் சஃப்தா இடக்கையால தீட்டித் தீட்டி ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. நான் ஒரு தடவை ரொட்டி வெட்டினேன், துண்டு செருப்பு மாதிரி கோணிக்கிச்சு."

பெண்கள் சிரித்தார்கள். சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

ரமோனா குனிந்தபடியே சொன்னாள். "அக்காவுக்கும் இடது கைதானாமே."

"யார் சொன்னது?" என்றாள் தோம்னிகா.

"அம்மாதான். சந்தையில. கொல்லன் என் கையைப் பார்த்து, இடக்கைக்காரிக்கு என் கத்தி சரிப்படாதுன்னான். அம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. 'எனக்கும் இதே கைதான். வாத்தியார் என்னை ஸ்கேலால அடிச்சே மாத்த முடியல. என் பொண்ணுக்கும் இதே கைதான் இருந்துச்சு. அவளும் அடி வாங்கக் கூடாதுன்னு நானே கட்டிப் போட்டு மாத்திட்டேன்'னு சொன்னாங்க."

தோம்னிகாவுக்குத் துணி ஞாபகம் வந்தது. நீலப் பூப்போட்ட தலைத்துணி. சாப்பிடும்போதும் எழுதும்போதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவாள் அம்மா. ஏதோ குறும்பு செய்ததற்குத் தண்டனை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னா?"

"அடுத்த கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டினாங்க."

தோம்னிகா ஒரு முழு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உப்பு எடுத்துட்டு வரேன்," என்றாள். மேசையில் உப்பு இருந்தது.

அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினாள். டப்பாவுக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்தாள். தேய்ந்து தேய்ந்து அலகு மெலிந்திருந்தது. மரப்பிடியில் விரல்கள் பதிந்த பள்ளம். வலது கையால் பிடித்தாள், பள்ளங்கள் ஒத்துப்போகவில்லை. வெங்காயத்தில் வைத்து அழுத்தினாள். கத்தி வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனது. துண்டு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் தோல்போல மெல்லிசு.

கத்தியை இடது கைக்கு மாற்றினாள். பள்ளங்கள் உட்கார்ந்தன. குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோலக் கத்தி மெதுவாக இறங்கியது. வெங்காயம் நேராகப் பிளந்தது. கண் எரியவில்லை.

முன்னறையில் பாதிரியாரின் குரல் கேட்டது. "அக்கா, வா. தூக்கப் போறாங்க," என்று தம்பி கோஸ்தெல் கூப்பிட்டான்.

அதே கையால் கத்தியை மறுபடி மாவுக்குள் ஆழமாக இறக்கினாள். சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்தாள். முற்றத்துக்குப் போய்த் தன் கறுப்புப் பிடிக் கத்தியை மேசையிலிருந்து எடுத்து, வெங்காயச் சாற்றோடு அப்படியே துண்டில் சுற்றினாள். வழக்கப்படி ஒரு மெழுகுவத்தியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். இனி அங்கே சஃப்தா இதில்தான் நறுக்க வேண்டும். நறுக்கட்டும். அவளுக்கும் எரியட்டும்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் தோம்னிகா, அந்தப் பக்கம் ரமோனாவும் மற்றவர்களும். முதலில் கோழி போனது. அது சஃப்தாவின் நெஞ்சுக்கு மேலே ஒருமுறை சிறகடித்தது. வாளி, குவளை, போர்வை. கடைசியாகத் துண்டு மூட்டை.

"கிடைச்சுடுச்சா?" என்றாள் அக்லாயா.

தோம்னிகா மூட்டையை நீட்டினாள். ரமோனா இரண்டு கையாலும் வாங்கினாள். துண்டின் ஓரம் விலகியது. கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. அக்லாயா வாயைத் திறந்தாள்.

ரமோனா பிடியைப் பார்க்கவில்லை. இன்னும் பெட்டிக்கு மேலே நீண்டிருந்த தோம்னிகாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை. மணிக்கட்டுவரை மஞ்சள் சோளமாவு. கொஞ்சம் உதிர்ந்து சஃப்தாவின் கறுப்புச் சட்டையில் விழுந்திருந்தது.

"ஆண்டவர் அவங்களை மன்னிக்கட்டும்," என்றாள் ரமோனா, வாங்குபவர்கள் சொல்ல வேண்டியபடி. துண்டின் ஓரத்தை இழுத்துப் பிடியை மூடினாள்.

தோம்னிகா கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள். நான்கு ஆண்கள் குனிந்தார்கள்.