கோழி அடையும் நேரம்

பொழுது சாய்வதைப் பற்றி வேன்காரருக்குத் தெரிந்த அளவு வானிலை ஆபீசுக்கே தெரியாது. மற்றவர்களுக்குச் சாயங்காலம் போனால் ராத்திரி. அவருக்கு நடுவே நாலு படி இருந்தது. முதலில் மஞ்சள் வெயில். அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்து அந்தி, ரோட்டின் வெள்ளைக்கோடு கரையத் தொடங்கும். பிறகு கருக்கல், நடந்து போகிறவர்களுக்கு உடம்பு இருக்கும், முகம் இருக்காது. கடைசியில் மசங்கல், அதில் தன் கையே அடுத்தவன் கை மாதிரி இருக்கும்.

கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள் நிற்கிற ஷெட்டில் இதையெல்லாம் பெரிய ரசிகர் போலச் சொல்லிக்கொண்டிருப்பார். "அந்தி முடிஞ்சுதுப்பா, கருக்கல் விழப்போவுது, நான் கிளம்பறேன்" என்பார். மெக்கானிக் அவருக்கு 'அந்திப்புலவர்' என்று பேரே வைத்துவிட்டான். புலவரும் சிரித்துக்கொண்டே, பத்து நிமிட நடையில் இருந்த வீட்டுக்கு ஓட்டமாக ஓடுவார்.

உண்மை என்னவென்றால், ஆறு மாதமாக வெளிச்சம் குறைந்தால் அவருக்குக் கண் தெரியவில்லை. ஐம்பத்து நாலு வயது, வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. வாயைத் திறந்தால் தன் சீட்டைத் தானே கிழித்த மாதிரி. நாலு மணி ட்ரிப்போடு அவர் வேலை முடிந்துவிடும் என்பதால் வண்டவாளம் தண்டவாளம் ஏறாமல் இருந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். ஊசியில் குத்துவதைவிடப் பேச்சில் நன்றாகக் குத்துவாள்.

"முன்னெல்லாம் எட்டு மணிக்கு முன்னாடி வீட்டு ஞாபகமே வராது. இப்ப பொழுது சாஞ்சா கோழி மாதிரி வந்து அடைஞ்சுக்கறீங்க."

"உன்னைப் பாக்கத்தான் ஓடி வர்றேன்."

"முப்பது வருஷம் கழிச்சா? ஐயோ பாவம்."

கோழி என்றது அவருக்குச் சுருக்கென்றது. கோழிக்கும் இருட்டினால் கண் தெரியாதே! தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று அன்று தூக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை வந்தது வினை. சூப்பர்வைசர் எப்போதும் இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருப்பவர். ஷெட்டில் அவருக்கு அதுதான் பேர். "ஆறரை ட்ரிப் டிரைவர் லீவு. திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க ஓட்டுங்க" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வேன்காரர் வாயைத் திறந்தார். "சரி சார்" என்று வந்தது. அந்த வாயை என்ன செய்வது?

இருபது வருஷமாக ஓட்டுகிற ரோடு, கண்ணை மூடிக்கொண்டே ஓட்டலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். எல்லா டிரைவரும் அடிக்கிற ஜம்பம்தான் அது. இவர் ஒருத்தர்தான் அதைச் செய்து பார்க்கப் போகிறார், அதுவும் பின்னால் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக்கொண்டு. இரண்டு நாள் பகல் ட்ரிப்பில் வேகத்தடைகளை எண்ணி மனப்பாடம் செய்தார்.

சனிக்கிழமை டயர் பஞ்சராகி வீடு திரும்ப நேரமாகிவிட்டது. சுவரைத் தடவி, பதினெட்டுப் படியை எண்ணி ஏறினார். கதவு திறந்திருந்தது. விளக்குப் போடவில்லை. அவருக்கு மசங்கல், கண் நன்றாக இருப்பவர்களுக்கு அது பேப்பர் படிக்கிற வெளிச்சம். ஜன்னலோரம் அவள் தைக்கிற நாற்காலியில் ஒரு நிழல்.

வழக்கப்படி சாப்பாட்டு டப்பாவை நிழலின் மடியில் வைத்தார்.

"என்னடி, கோபமா? பேச மாட்டேங்கற? நானே நொந்து போயிருக்கேன். அந்த இடிச்சபுளி ஆறரை ட்ரிப்பை என் தலையில கட்டிட்டான். பொழுது சாஞ்சா கண்ணு தெரியலன்னு அவன்கிட்ட எப்படிடி சொல்றது? உன்கிட்டயே ஆறு மாசமா சொல்லல."

சமாதானமாகக் கன்னத்தைத் தட்டினார். கன்னத்துக்குப் பக்கத்தில் மீசை இருந்தது.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாம்" என்றது மீசை.

விளக்கு எரிந்தது. மடியில் டப்பாவோடு சூப்பர்வைசர். வாசலில் பால் பாக்கெட்டோடு மனைவி. ட்ரிப் லிஸ்ட்டைக் கொடுக்க வந்தவருக்கு டீ போடலாம் என்று கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

வேன்காரர் கன்னத்தைத் தட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இடிச்சபுளி பரவால்ல, எங்க வீட்டுலயும் அதான் பேரு" என்றார் சூப்பர்வைசர். சிரிக்கவில்லை. "ஆனா அந்தப் பன்னெண்டு பேர்ல என் பொண்ணும் ஒருத்தி. தெரியுமில்ல?"

தெரியும். காலை ட்ரிப்பில் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும்போது தேங்க்ஸ் சொல்கிற பெண். வேன்காரருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கேட்காமலே பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார்.

"திங்கட்கிழமை கண் டாக்டர்கிட்ட போங்க. அவர் எழுதிக் குடுக்கற வரைக்கும் பகல்லயும் வண்டியத் தொட வேணாம். ஷெட்ல வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். டீ குடிக்கவில்லை.

மனைவி கதவைச் சாத்தினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். விளக்கை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"இதுக்கு என்ன பேரு, புலவரே?"

"மசங்கல்."

"எதிர் மாடியில என்ன தெரியுது?"

"துணி காயுது."

"எடுத்து அரை மணி நேரமாச்சு. சரி, நான் எத்தனை விரல் காட்டறேன்?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. முப்பது வருஷமாகப் பார்த்த முகம், ஒரு முழ தூரத்தில்.

"மூணு" என்றார் தைரியமாக.

அவள் விரலே காட்டவில்லை. இரண்டு கையாலும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். விசும்பல் கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவே அத்தனை பேர் வைத்திருந்தவருக்கு, இப்போது ஒரு பேரும் வரவில்லை.

"தெரியலடி" என்றார்.

"அதைச் சொல்றதுக்கு ஆறு மாசமா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் அவள்.