சென்னியப்பன் சவுக்காரம்

நல்ல சரக்கு விற்காமல் கிடந்தால் அதைச் செய்தவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சூலூரில் தம்பிதுரையின் கொட்டகையில் துணி சோப்பு கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. நன்றாக நுரைத்தது, அழுக்கை எடுத்தது, பம்பாய்ச் சரக்கைவிட விலையும் குறைவு. ஆனாலும் காங்கேயம் சந்தைக்குப் போன பெட்டிகள் போன மாதிரியே திரும்பி வந்தன.

பைக்காரா அருவியிலிருந்து மின்சாரம் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு மில் வைத்திருந்த தாய்மாமன் ஈஸ்வரமூர்த்தி, ஆட்களின் வருகையைக் குறிக்கும் ஆஜர் வேலை ஒன்றை மருமகனுக்காகக் காலியாக வைத்திருந்தார். ஆடி முடிவதற்குள் சோப்பு போகாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தம்பிதுரைக்குத் தாங்கவில்லை.

அந்தக் கொட்டகைக்காக அவனுடைய அப்பா சென்னியப்பக் கவுண்டர் தன் காளை ஜோடியை விற்றிருந்தார். அதற்கப்புறம் தெருவில் மாட்டு மணி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் கொப்பரை சோப்பு இறுகி வெட்டுக்கு வருமுன்னே காய்ச்சலில் போய்விட்டார். ஆகவே சோப்புக்கு என்ன பேர் வைப்பது என்று மகன் யோசிக்கவே இல்லை. ‘சென்னியப்பன் சவுக்காரம்’ என்று வைத்தான். உறைமேல் தலைப்பாகை கட்டிய அப்பாவின் படம்.

கோட்டைமேட்டில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்த அக்பர் அலி அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கொடுமுடியில் ஆடிப் பதினெட்டுக்குக் கூடும் கூட்டத்தை நம்பித் தம்பிதுரை எழுதிக்கொண்டு வந்த நோட்டீசை அவன் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

“கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குதுங்க கவுண்டரே. அப்பா ஒழுக்கம், அப்பா தருமம், எல்லாம் இருக்குது. சோப்பு எங்கீங்க?”

தம்பிதுரைக்குக் கோபம் வந்தது. அக்பர் அலி அதைச் சட்டை செய்யவில்லை. வாங்குகிறவளுக்கு உன் குடும்பத்துப் பெருமை எதற்கு என்று கேட்டான். ஆற்றங்கரையில் துவைத்துத் துவைத்து அவளுக்குத் தோள் இற்றுப்போகிறது, அந்தத் தோளைப் பார்த்துப் பேசு, நாலு வரிக்கு மேல் போகாதே என்றான். எழுதியதை வீட்டில் யாரையாவது வாய்விட்டு முழுசாகப் படிக்கச் சொல், நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டிவிடு என்றும் சொன்னான். அதுவரை சோப்பின் பேரை மட்டும் அச்சுக் கோத்து வைத்திருப்பதாகவும், காகிதத்தில் ஏற்றப் போவதில்லை என்றும் சொல்லி அனுப்பினான்.

வண்டியில் திரும்பும்போதே தம்பிதுரைக்கு வரிகள் வந்துவிட்டன. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சாந்தாமணியைக் கூப்பிட்டான். அவள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள், தடங்கல் இல்லாமல் படிப்பாள்.

“தோள் வலிக்கத் துவைத்தது போதும். கல்லில் அடிப்பது பாதி, வெளுப்பு முழுசு.” அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. “கேட்டு வாங்குங்கள்.” அதோடு காகிதத்தை மடித்தாள்.

“இன்னொரு வரி இருக்குதே அம்மணி?”

“அது தெரிஞ்சதுதானுங்களே.”

முழுசாகப் படிக்க வேண்டும், அதுதான் முறை என்றான் அவன். அவள் மறுபடி பிரித்தாள். “கேட்டு வாங்குங்கள்...” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “...சவுக்காரம்.”

“நடுவுல?”

“மாமனாரு பேருங்க. நான் எப்படிங்க சொல்லுவேன்?”

தம்பிதுரை சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சென்னிமலையை ‘முருகன் மலை’ என்றே சொல்லிவருவது நினைவுக்கு வந்தது. பக்தி என்று நினைத்திருந்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“உங்க காங்கேயத்துப் பக்கம் இந்தப் பேரு நெறையாப் பேருக்கு இருக்குதா?”

“ஊட்டுக்கு ஒருத்தருங்க. தாத்தன் பேரப் பேரனுக்கு வெக்கறாங்கல்ல. எங்க பெரியக்கா ஊட்டுக்காரருக்கு அதே பேருதானுங்க. சின்னக்காளுக்கு மாமனாரு.”

“அப்ப அவிய கடையில எப்படிக் கேப்பாங்க?”

“கேக்கறதில்லீங்க. பம்பாய் சோப்பு வாங்கிட்டு வந்துர்றாங்க.”

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒவ்வொரு உறையும் ஒட்டறப்ப அந்தப் படத்தத் தடவிப் பாக்கறீங்க. எப்படிங்க சொல்றது?”

அவனால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த சந்தை நாளில் காங்கேயம் போய், நஞ்சுண்டன் என்பவர் கடையோரம் யாரோ போல நின்றான். ஒரு பெண் வந்தாள். அவள் கண் நேரே அவனுடைய சோப்பின்மேல் போனது. விரலை நீட்டி, “அதுல ஒண்ணு குடுங்க” என்றாள். எது என்று கடைக்காரர் கேட்டார். “அதாங்க, தலப்பா கட்டுனவரு...”

பக்கத்தில் நின்றவள் விடவில்லை. “ஆரு கண்ணு, உன்ர மாமனாரா?”

கடையே சிரித்தது. அந்தப் பெண் முகம் சிவந்து பம்பாய் சோப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தம்பிதுரை பெட்டியில் இருந்த அப்பாவைப் பார்த்தான். அவர் எப்போதும் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே அச்சுக்கூடத்துக்குப் போனான். பேரை எடுத்துவிடச் சொன்னபோது அக்பர் அலி கேலி பேசவில்லை. “அப்பாவையாங்க?” என்று மட்டும் கேட்டான். காரணத்தைக் கேட்டபின் வெகுநேரம் தன் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டு என்று சொன்னவனே அவன்தான். பிறகு சின்ன இடுக்கியால் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் போட்டான். அவை விழும் ஓசை தம்பிதுரைக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

அந்த இடத்தில் என்ன வைப்பது? அக்பர் அலி படக் கட்டைகள் கிடந்த பெட்டியைக் கிளறி, எவரோ பட்டாசு வியாபாரி செய்யச் சொல்லிவிட்டு எடுத்துப்போகாத முயல் ஒன்றை வெளியே எடுத்தான். வெள்ளை முயல், காது இரண்டும் விறைத்து நின்றது.

“வெள்ளையா இருக்குது, படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரியும். அதவிட முக்கியம், எந்த ஊட்டு மாமனாருக்கும் முயல்னு பேரு வெச்சதா நான் கேள்விப்படலீங்க கவுண்டரே.”

தம்பிதுரை சிரித்தான். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. மையைக் கழுவும் மண்ணெண்ணெய் வாடை என்று சொல்லி வாசலுக்குப் போய் நின்றான்.

ஆடிப் பதினெட்டன்று கொடுமுடியில் காவேரி கரை தொட்டு ஓடியது. சோப்புக்கெல்லாம் முயல் உறை மாற்றிக்கொண்டு வந்திருந்த தம்பிதுரை, முயல் படம் வரைந்த தட்டியோடு வாடகை மாட்டுவண்டியை நிறுத்தி மேளம் அடிக்கச் சொன்னான். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். சாந்தாமணி வாய் பேசாமல் ஒரு வேட்டியை நனைத்து, சோப்பைத் தேய்த்து, கல்லில் நாலு அடி அடித்து உதறிக் காட்டினாள். அப்புறம் அவளுக்குக் கை ஓயவில்லை. “முயல் சவுக்காரம் ஒண்ணு குடுங்க அம்மணி.” “எனக்கு ரெண்டு முயலுங்க.” ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருத்தி கரையில் இருந்த தங்கச்சியைப் பார்த்து, “முயலு தீர்றதுக்குள்ள வாங்கு புள்ள” என்று கத்தினாள். தான் செய்த சோப்பின் பேரை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லித் தம்பிதுரை கேட்டது அன்றைக்குத்தான். உச்சிக்கு முன்னாலேயே வண்டி காலியாகிவிட்டது.

காலிப் பெட்டிகளோடு இருவரும் திரும்பினார்கள். வெள்ளகோவில் தாண்டியதும் சாந்தாமணி கேட்டாள்.

“மாமனாரு பேர எடுத்துப்போட்டது வருத்தமா இருக்குதுங்களா?”

“இருக்குது” என்றான். கொஞ்சம் கழித்து, “ஈஸ்வரமூர்த்தி மாமனுக்கு ஆள் சொல்லி உடோணும். அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்” என்றான்.

அவள் தலையசைத்தாள். நாளைக்கே கொப்பரை ஏற்றுவதானால் இருக்கிற எண்ணெய் போதாது என்று நினைவுபடுத்தினாள். அப்படியானால் காங்கேயத்தில் வாங்கிக்கொண்டே போய்விடலாம் என்று அவன் மாட்டைத் தட்டினான்.