மாஸ்கோ பஸ்ஸில் நாற்பத்தேழு பேர்

பிஷ்கெக் நகரத் தையல் பட்டறை ஒன்றில் புருல்சாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். மாஸ்கோவில் நான்கு வருடம் தரை துடைத்துவிட்டுத் திரும்பியவள் அவள். அங்கே போன மூன்றரை நாள் பஸ் பயணத்தைக் கவிதையாக எழுதினாள். பஸ்ஸில் வந்த நாற்பத்தேழு பேருக்கும் ஆளுக்கொரு பகுதி. எழுத எழுத, தேநீர் இடைவேளையில் செல்போனில் சொல்லிப் பதிந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். கேட்டுக்கொண்டே தைப்போம். அது எப்படியோ மற்ற பட்டறைகளுக்கும் பரவியது. முகம் தெரியாத பெண்களெல்லாம், "அந்த மாசமா இருந்தவ ஊர் போய்ச் சேர்ந்தாளா?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

நகரத்துக் கவியரங்கில் அவள் பெயரைக் கொடுத்தது நான்தான். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றார்கள்.

"கொஞ்சம் சுருக்கிடேன்டி," என்றேன்.

"யார நடுவழியில எறக்கி விடச் சொல்ற? நீயே ஒருத்தரக் காட்டு."

சனிக்கிழமை மதியம் அரங்கில் முக்கால்வாசிப் பேர் தையல்காரிகள். புருல்சா கையில் தாள் இல்லை. முதலில் குரல் நடுங்கியது. கவிதையில் பஸ் புறப்பட்டதும் சரியாகிவிட்டது. கஸாக் எல்லையில் வரிசை நின்றது.

"எல்லைக்காரன் என் பெயரைத் தப்பாக வாசித்தான்.
அந்தத் தப்புப் பெயருக்கு
நான்கு வருடம் பதில் சொன்னேன்."

அப்போது நிகழ்ச்சியை நடத்திய எமில்பெக் எழுந்தார். கையில் கடிகாரம். "அருமைம்மா. நேரம் முடிஞ்சுது."

புருல்சா மேடையிலிருந்து இறங்கத் திரும்பினாள்.

"என்னய்யா முடிஞ்சுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "பாஸ்போர்ட்ட இன்னும் திருப்பியே குடுக்கல!"

அரங்கமே சிரித்தது. அடுத்துப் படிக்க வேண்டிய கவிஞர், கழுத்துப்பட்டை கட்டிய பெரியவர், எழுந்தார். "என் பத்து நிமிஷத்த அவங்களுக்குக் குடுத்துடுங்க. என் கவிதை எங்கயும் ஓடிடாது."

அதற்கடுத்தவரும் கொடுத்தார். "நான் அஞ்சு தரேன், அஞ்ச வச்சுக்கறேன்," என்றாள் ஒருத்தி. எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், "சரி சரி, பத்தையும் எடுத்துக்கட்டும்," என்றாள். மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். எமில்பெக் தன் முடிவுரையையும் விட்டுக்கொடுத்து, கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. புல்வெளிக்கு நடுவே டயர் வெடித்தது. மாசமாக இருந்தவளுக்கு மற்ற நாற்பத்தாறு பேரும் நெருக்கி உட்கார்ந்து கடைசி இருக்கையைக் காலி செய்து கொடுத்தார்கள். சில வரிகளை எங்கள் பெண்கள் புருல்சாவோடு சேர்ந்து முணுமுணுத்தார்கள்; மிஷின் சத்தத்தில் கேட்டுக் கேட்டே மனப்பாடமானவை. கடைசி இரண்டு பகுதிகளை மட்டும் அவள் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அவற்றைச் சொன்னபோது ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து பஸ் மாஸ்கோவில் நின்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் அழுதுகொண்டே விசிலடித்தேன்.

சத்தம் அடங்கியதும் ஒரு தடித்த மனிதர் மேடையருகே வந்தார். "தங்கச்சி, நான் அந்த ரூட்ல பதினோரு வருஷம் பஸ் ஓட்டினவன். சமாரா டவுனுக்கு முன்னாடி வர்ற பெட்ரோல் பங்க் இடதுபக்கம். நீ வலதுன்னுட்ட."

புருல்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தூங்கிட்டேன் அண்ணே. மாத்திடறேன். வேற என்னெல்லாம் விட்டுட்டேன், உட்காந்து சொல்லுங்க."