தரையிறங்காத பச்சைக் கார்

ஆர்விட் டோலஃப்சனின் பச்சை நிறத் திறந்த கார், அவர் இறந்த பின்பு வந்த மே மாதம் முதல் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. இதில் யாரும் மந்திரம் மாயம் தேடவில்லை. விஸ்கான்சினில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், பனிக்காலம் வந்ததும் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி நான்கு இரும்புக் கால்களின் மேல் உட்கார வைத்துவிடுவார்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகிவிடக் கூடாதே! வசந்தத்தில் இறக்குவது ஏற்றியவர் பொறுப்பு. ஆர்விட் நவம்பரில் ஏற்றினார், பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். மே மாதம் அவர் மனைவி மார்லிஸ் இரும்புக் கால்களை ஒவ்வொன்றாக உருவினாள். கார் அப்படியே நின்றது. இறக்க வேண்டிய ஆள் வரவில்லை, அது காத்திருக்கிறது என்று ஊர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

மார்லிஸுக்குத்தான் தலைவலி. ஆர்விட் தன் கடைசி நாட்களைக் கழித்த மருத்துவ இல்லத்தின் கூரை ஒழுகியது. நோயாளிகளின் கட்டிலுக்குக் கட்டில் வாளி வைத்திருந்தார்கள். கூரையை மாற்ற என் காரைக் கொடுக்கிறேன் என்று அவர் நர்ஸின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஆகவே லூத்தரன் தேவாலயப் புல்வெளியில் ஜூன் மாதம் கூடும் பழைய கார்த் திருவிழாவில் அந்த வருடக் குலுக்கல் பரிசு அதுதான். சீட்டுகள் விற்றுத் தீர்ந்தபின் திருவிழாவை நடத்தும் பழைய கார்க் கழகத்தின் தலைவர் கோர்டி ஜீல்கி வந்தார். அடுத்தவன் காராக இருந்தாலும் தன் கைக்குட்டையால் துடைக்கிற மனிதர். குப்புறப் படுத்து, சக்கரங்களுக்கு அடியில் கையை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"ஏம்மா மார்லிஸ், ஓடுற வண்டின்னு சீட்டுல அச்சடிச்சிருக்கோம். இது ஓடலைன்னா வித்த காசு பூராவும் திருப்பித் தரணும். அப்புறம் அந்தக் கூரைக்குப் பழைய தார்ப்பாய்தான்."

"ஓடும், கோர்டி."

"யாரு ஓட்டுவா?"

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் ஆர்விட் ஒருநாள்கூட அவளிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. கிளட்ச் கெட்டுவிடுமாம். மெழுகு போட்டுத் துடைக்க மட்டும் அவள் வேண்டும். கழகத்து ஆட்கள், தின்று கொழுத்தவர்களாகவே பொறுக்கியெடுத்து ஆறு பேர், காரின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். போதகர் ஜெபித்துப் பார்த்தார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதில் மார்லிஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். கொடுக்க மனமே இல்லை அவளுக்கு. இருக்கையில் இன்னும் அவர் வாசனை இருந்தது.

திருவிழாவன்று காரைக் கயிறு கட்டிக் கன்றுக்குட்டியைப் போல இழுத்து வந்தாள். அவளுடையதைப் போலவே எண்ணெய் ஒழுகும் இங்கிலாந்துக் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வழக்கம்போல வண்டிக்கு அடியில் அட்டை விரித்தார்கள், அவளும் விரித்தாள். கார்தான் அந்தரத்தில் நின்றதே தவிர, எண்ணெய் ஒழுங்காகக் கீழேதான் சொட்டியது. குலுக்கலில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெனீஸ் கோவால்கிக்குப் பரிசு விழுந்தது. டெனீஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஓட்டிக் காட்டுங்க, எடுத்துக்கிறேன். இல்லாட்டி என் சீட்டுக் காசைக் குடுங்க."

மார்லிஸ் முக்காலி போட்டு ஏறிச் சாவியைத் திருகினாள். கியர் கரகரவென்று அலறியது. பெற்ற பிள்ளையை யாரோ அடித்ததைப் போல மொத்தக் கழகமும் "ஐயையோ" என்றது. சக்கரங்கள் வெறும் காற்றில் சுழன்றன, கார் நகர்ந்தது. வறுத்த பாலாடைக்கட்டிக் கடையைத் தாண்டி, புல்நுனி அசையாமல் மைதானத்தைச் சுற்றியது. முதல் சுற்றில் அவள் சிரித்தாள். இரண்டாவது சுற்றில் ஊரே கேட்கக் கத்தினாள்.

"கிளட்ச் கெட்டுடுமாம், கிளட்ச்! பாருய்யா, நல்லா பாரு! இம்புட்டு சுகத்தையும் நீயே தனியா அனுபவிச்சிட்டுப் போயிட்டியே, பாவி மனுஷா!"

மூன்றாவது சுற்று முழுக்க அழுதாள். அது முடியும்போது கார், முட்டைமேல் கோழி உட்காருவதுபோலப் பதமாகப் புல்லில் இறங்கியது. மார்லிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு சாவியை டெனீஸிடம் கொடுத்தாள்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திட்டு, கேக்கும்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். அவள் காலணிகள் புல்லைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றாள். கோர்டி தொப்பியைக் கழற்றினார், சற்று யோசித்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவள் சாப்பாட்டுக் கூடாரத்தை நோக்கி நடந்தாள்.

"கூடாரக் கம்பி இருக்கு மார்லிஸ், தலை பத்திரம்."

அவள் குனிந்து உள்ளே போய், ரொட்டிக்குள் வைத்த சூடான சாசேஜ் ஒன்று வாங்கிக் கடுகு சாஸ் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டாள். ஆகஸ்டுக்குள் இல்லத்துக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. மார்லிஸ் இன்றும் அதே உயரத்தில்தான் நடமாடுகிறாள். ஜனவரியில் நாங்களெல்லாம் இடுப்பொடிய வாசல் பனியை வாரிக்கொண்டிருக்கும்போது, அவள் காபிக் கோப்பையோடு பனிக்கு மேலாக நடந்துபோய்த் தபால் எடுத்து வருவாள். எங்களுக்கு அதில் மட்டும்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.