நாகேஸ்வரி இறந்த செவ்வாய்க்கிழமை

வட்டக்கச்சி நாகேஸ்வரியின் நிழல் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணியளவில் நின்றுபோனது. அவர் அப்போது முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த விளக்குமாற்றின் நிழல் மட்டும் நெல் பரப்பிய படங்கின் மேல் தனியே நடப்பதை முதலில் கண்டவர் பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி. "அக்கா, உங்கட நிழல் எங்க?" என்று கேட்டார். நாகேஸ்வரி குனிந்து பார்த்துவிட்டு, "காலமை இருந்தது" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நின்றன. நாய்கள் அவரைக் கண்டு குரைப்பதில்லை. நுளம்பு கடிப்பதில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர், சீனி எல்லாம் சரியாக இருந்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. செய்வினை என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள், நெல் விலை விழுந்ததும் மறந்துவிட்டார்கள். நாகேஸ்வரி தனி ஆள். கணவர் வீரகத்தி 2009 யுத்தத்தில் பங்கருக்குள் செத்துப்போனார். ஒரே மகன் நிருஷன் 2017இல் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துப் பிரான்சுக்குப் போய்விட்டான். நுளம்புகூடத் தேடி வராத வீட்டில் இருப்பதும் ஒரு இருப்பா என்று அவருக்கு அழுகை வரும். அழுதுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார்.

அந்த ஆண்டுக் கடைசியில் நிருஷனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. பிறகு பயணப் புத்தகத்துக்கு விண்ணப்பித்தான். பத்து மாதம் கழித்து வந்த புத்தகத்தில், எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அச்சடித்திருந்தது. இந்தியாவில் சந்திக்கலாமென்று இரண்டு தடவை விசாவுக்குப் போட்டான், சரிவரவில்லை. அப்படியென்றால் தாய்தான் போகவேண்டும். 2023 கடைசியில் நாகேஸ்வரி வவுனியாவுக்குப் போய்ப் பாஸ்போட் எடுத்தார். நிழல் பற்றிக் கேட்கும் பகுதி விண்ணப்பப் படிவத்தில் இல்லாததால் எல்லாம் சுகமாக முடிந்தது. இனி மகனின் அழைப்புக் கடிதம் மட்டும்தான். அதைத் தொலைபேசியில் கேட்டபோதுதான் நிருஷன் சொன்னான்:

"அம்மா, கேஸ் விசாரணையில நீங்கள் செத்துப்போனியள் எண்டு சொன்னனான்."

ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்பா மட்டும் செத்தால் காணாது, ஊரில் ஒருவருமே மிஞ்சவில்லை என்றால்தான் கேஸ் நிற்குமாம். அந்த நாட்டுக் கோப்பில் நிருஷனுக்குத் தாய் இல்லை. இல்லாத தாயை எப்படி அழைப்பது? "எப்ப சொன்னனீ?" என்று நாகேஸ்வரி கேட்டார். அவன் திகதியைச் சொன்னான். பரிஸ் நேரம் காலை பத்தரை. நாகேஸ்வரி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்: இங்கே பின்னேரம் மூன்று, நிழல் நின்ற செவ்வாய். சரியாக இருந்தது.

நிருஷன் அழுதான். உண்மையை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றான். கொடுத்தால் அந்தஸ்து போகும், புத்தகம் போகும், அவனையே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பினால் வீட்டுப் படலையடியில் வந்து நிற்பான். நாகேஸ்வரிக்கு அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. இனித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"விசர்க் கதை கதைக்காத. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். நான் செத்தவளாவே இருந்திட்டுப் போறன்."

பிறகு, எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காத மனுசி, இன்னொன்றும் சொன்னார்: "சித்திரைப் பறுவம் வருது. தாய் இல்லாத பிள்ளை விரதம் பிடிச்சுப் படைக்கவேணும். நீ பிடி." தாய் உயிரோடு இருக்கிற பிள்ளை அந்தப் பௌர்ணமி விரதம் பிடித்தால் ஊர் காறித் துப்பும். அதனால் இதை ஜெகதீஸ்வரிக்கும் அவர் சொல்லவில்லை.

2024 ஏப்ரல் இருபத்துமூன்றாம் திகதி, பின்னேரம் மூன்றரைக்கு, அதாவது பரிஸில் மத்தியானம், நாகேஸ்வரியின் குசினி நிலத்தில் ஒரு தலைவாழையிலை விரிந்து கிடந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், ஓரத்தில் பாயசம். அவர் அடுப்பே மூட்டவில்லை, ஆனாலும் ஆவி பறந்தது. வீட்டில் இருந்தவரை ஒரு தேத்தண்ணி போடத் தெரியாத பிள்ளை. நாகேஸ்வரி கை கழுவிவிட்டு நிலத்தில் இருந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு வயிறு நிறைந்தது.

பொழுதுபட மகனைக் கூப்பிட்டு, "உப்புக் காணாது, தம்பி" என்றார்.

"படைக்கிறதை ருசி பாக்கக்கூடாதெல்லோ, அம்மா" என்றான் அவன்.

அடுத்த வருடம் உப்பு அளவாக இருந்தது.