கரண்ட் போன காந்தம்

ஆய்வகத்துக்கு ஜெனரேட்டர் வந்த அன்று முனைவர் ஞானசுந்தரம் ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோலையும் அவரே கொண்டுவந்திருந்தார். ஏற்காட்டில் ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் போய்விடும். இனித் தம் உலை ஒரு நொடியும் அணையாது என்று, பஜ்ஜி ஆறும்வரை பேசினார்.

அன்றிலிருந்து காந்தங்கள் கெட்டுப்போயின.

கவலை வெண்ணிலாவுக்கு. தலைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வரும் அவள், ஞானசுந்தரத்தின் ஆய்வு மாணவி. இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்ஷியம் உப்பை அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு ஃபெரைட் காந்தம் செய்வாள். முன்பு சுட்டவை, எதிர்க்காந்தம் வைத்தாலும் தம் காந்தத்தை விடவில்லை. புதியவை முதல் மிரட்டலுக்கே விட்டுவிட்டன. திங்கட்கிழமை தேர்வாளர் வந்து, கண்ணெதிரே ஒன்று செய்துகாட்டச் சொல்வார். முடியாவிட்டால் பட்டம் கிடையாது.

ஞானசுந்தரம் பொடியைக் குறை சொன்னார், மலைப்பனியைச் சொன்னார், வெண்ணிலாவின் தும்மலைக்கூடச் சொன்னார். ஜெனரேட்டரை மட்டும் சொல்லவில்லை. அதில் அவர் பெயர் பொறித்திருந்தது.

வெள்ளிக்கிழமை கரண்ட் போனது. டீசல் இல்லாமல் ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்தது. சுடுவது பாதி நேரத்தில் நின்றுபோன வில்லையைக் குப்பையில் போடப்போன வெண்ணிலா, கரண்ட் வந்ததும் எதற்கும் இருக்கட்டுமென்று அளந்தாள். பழைய பிடிவாதம் அப்படியே இருந்தது.

ஜெனரேட்டர் வருமுன்பும் கரண்ட் போய் உலை பாதியில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஆய்வேட்டில் ‘முழு நேரம் சுடப்பட்டது’ என்று எழுதச் சொன்னவர் சார். கரண்ட் போனதெல்லாம் அறிவியலாகாது என்பது அவர் கொள்கை.

“முழு நேரம் சுட்டா உள்ள துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து நொம்பப் பெருத்துருதுங்க சார். பெருத்தா புடிமானம் கொறையுதுங்க.”

“அப்ப என் ஆராய்ச்சிய மரக்கிளை பண்ணுச்சுங்கிறியா கண்ணு?”

“பாதிங்க சார்.”

ஆய்வேட்டில் அந்த வரியை அவள் திருத்தினாள். அவர் தடுக்கவில்லை, அப்படிப் பாதியில் நிறுத்திச் சுடும் முறைக்கு ‘மலைச்சூழல் இடைநிறுத்தச் சூடாக்கல்’ என்று பெயர் மட்டும் வைத்தார்.

திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. உலைக்குள் வில்லை, எதிரில் தேர்வாளர். ஞானசுந்தரத்துக்கு வியர்த்தது. வராந்தாவுக்குப் போய், இத்தனை வருடமாகத் திட்டுவதற்கு மட்டுமே அழைத்த கரண்ட் ஆபீஸை அழைத்தார்.

“ஏனுங்க, இன்னைக்குக் கரண்ட் எப்பங்க போகும்?”

உள்ளே வெண்ணிலா கடிகாரத்தைப் பார்த்து உலையின் சுவிட்சை அணைத்தாள். மாலையில் வில்லை ஆறியது, அளந்தார்கள், தேர்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அதையெல்லாம் அறியாத ஞானசுந்தரம், மறுபடி மறுபடி கரண்ட் ஆபீஸை அழைத்தபடி இன்னும் வராந்தாவில்தான் இருந்தார். இனிமேல் கரண்ட் போகவே போகாது என்று போனில் அவருக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.