பலகையில் ‘விளக்கு’ என்று இருந்தது

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து ஆரம்பமாகிறது. தொடக் கூடாத ஒன்றைத் தொட்டேன். அதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று முதலில் வேறு ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘பிஷ்கெக்கில் ஒரு பழைய தையல் தொழிற்சாலையின் அடித்தளத்தில் மரத்தூள் பறந்துகொண்டிருந்த’ – இல்லை. தூள் உறிஞ்சும் இயந்திரம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

‘மனிதன் ஏன் தன் கையால் எதையாவது’ – எனக்குத் தெரியாது.

நேராகவே சொல்கிறேன். அது பொதுப் பட்டறை. லேத், ரம்பம், லேசர் எல்லாம் எல்லோருக்கும் பொது, முறை போட்டுப் பயன்படுத்துவோம். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. வாலெரி என்பவர் ஆறு வருடமாக ஒரு மரக் கடிகாரம் செய்கிறார். சாவி ரைசா கிம்மிடம் இருக்கும். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: இயந்திரத்தைத் தொடும் முன் சுவர்ப் பலகையில் உங்கள் பெயரையும் செய்யப் போகும் பொருளையும் எழுத வேண்டும்.

மினிபஸ் ஓட்டும் எமில்பெக் பிப்ரவரியில் ‘விளக்கு’ என்று எழுதினான்.

2

அது விளக்கு இல்லை, தொட்டில். இங்கே தொட்டில் தொங்காது. தரையில் நின்று வளைந்த கால்களில் ஆடும்.

அவன் மனைவி அய்ஜமாலுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் குழந்தை பிறந்த அன்றே போனது. அடுத்தது பிறக்கவே இல்லை. பிறக்கும் முன் தொட்டில் சேர்ப்பது இந்த ஊரில் ஆகாது. வெறும் தொட்டிலை ஆட்டுவது அதைவிட ஆகாது. நம்மிடமும் இது உண்டு என்பதால் மேலே விளக்கவில்லை.

டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னான்.

“முதல் தடவ பஜார்ல தொட்டில் வாங்கி வெச்சேன், பைக்கே*. போச்சு. ரெண்டாவது தடவ ஒரு துணிகூட வாங்கல. அதுவும் போச்சு.”

“சரி, இப்ப?”

“துண்டு துண்டா செஞ்சு வெச்சுக்கறேன். ஒண்ணு சேக்காத வரைக்கும் அது தொட்டில் இல்ல, மரம். நீங்களே சொல்லுங்க, மரத்தால என்ன கெடுதல்?”

நான் யோசித்துப் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கை சும்மா இருக்க மாட்டேங்குது,” என்றான்.

(* அண்ணன். ஒரு நாள் மூத்தவனாக இருந்தாலும் போதும்.)

3

[வாலெரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் பட்டறையிலும் அவருக்கு வேலை இல்லை, தினமும் வருகிறார். இருக்கட்டும்.]

ரைசா ஒருநாள் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். இங்கத்திய தொட்டிலில் குழந்தை மூத்திரம் போக அடியில் ஓட்டை விடுவார்கள்.

“ஏம்ப்பா, விளக்குக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஓட்டை?”

“ஒயர் போறதுக்கு, ரைசா அக்கா.”

“ஒயரா? என் கையே போகுது.”

“தண்ணியும் போகும்,” என்றார் வாலெரி.

“விளக்குல ஏதுங்க தண்ணி? நீங்க உங்க கடிகாரத்துக்கு முள்ளு வைக்கிற வழியப் பாருங்க.” அவரை அடக்கிவிட்டு, வளைந்த கால்களைத் தரையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தாள். “இது பத்தாது. ஒரு பக்கமா கவுந்துடும். ரெண்டு விரக்கடை அகலம் சேத்துக்கோ.”

“விளக்கு எதுக்குக்கா ஆடப் போகுது?”

“காத்தடிச்சா எதுவும் ஆடும். எந்திரி, ரம்பத்தைப் போடு.”

எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. பலகையில் மட்டும் ‘விளக்கு’ ஏழு முறை ஏறியது.

4

ஏப்ரலில் ஒரு மத்தியானம். நம்மூர் மருத்துவ மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறேன். என் கிரைண்டரின் குழவிக்குள் இருக்கும் புஷ் வளையம் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கடையலாம் என்று குழவியைத் தூக்கிக்கொண்டு போனேன். லேத்தில் வாலெரி இருந்தார். காத்திருந்தேன்.

அலமாரியில் எமில்பெக்கின் துண்டுகள் இருந்தன. பட்டறையில் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. துளையையும் முளையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்ப்போம். எனக்கும் தொற்றியிருந்தது. ஒன்றைப் பொருத்தினேன். அடுத்தது தானாகப் போனது. கடைசி முளை இறங்கியதும் என் முன்னால் ஒரு தொட்டில் நின்றது. ஒரு விரலால் தொட்டேன். ஆடியது.

வாசலில் எமில்பெக் நின்றிருந்தான்.

‘அவன் முகம்’ – இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதி அடித்தேன். உண்மையில் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டிலைத்தான் பார்த்தேன். அது நிற்கவில்லை.

“யோவ், பிடிய்யா அதை!” என்று வாலெரி கத்தினார்.

பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த குழவியைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தேன். ஏன் செய்தேன் என்பது செய்த பிறகுதான் நினைவு வந்தது.

“என்ன அது?” என்றான் எமில்பெக்.

“மாவாட்டற கல்லு. எங்க ஊர்ல தொட்டில்ல முதல்ல இதைத்தான் போடுவாங்க. அப்புறம்தான் புள்ளைய.”

“எதுக்கு?”

“சரியாத் தெரியல. வர்றது எதுவா இருந்தாலும் கல்லு மேல வந்துட்டுப் போகட்டும்னு இருக்கும்.”

“கல்லுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாது.”

“அப்போ இது காலித் தொட்டில் இல்ல.”

“இல்ல.”

கழுத்துத் துண்டை அவிழ்த்து, இங்கே குழந்தையைக் கட்டுவது போலவே கல்லைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டினான். முடிச்சு போட நேரம் பிடித்தது.

“உங்க பாஷைல இதுக்குப் பேரு என்ன?”

“குழவி.”

“அப்படின்னா?”

“கல்லு,” என்றேன்.

மறுநாள் பலகையில் ‘விளக்கு’ அழிந்திருந்தது. ரைசாவின் கையெழுத்தில் ‘கல் வைக்கும் பெட்டி’ என்றிருந்தது.

(‘குழவி’க்கு இன்னொரு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.)

5

இப்போது ஜூன். கல்லை எடுத்தால் தொட்டில் காலியாகிவிடும். தொட்டிலைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் ஏழு வாரமாக மெஸ்ஸில் உப்புமா. இரண்டு மாணவர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை எமில்பெக் அய்ஜமாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். செய்தி வந்தால் ரைசாவின் போனுக்குத்தான் வரும். அவள் எந்த இயந்திரத்தையும் போட விடவில்லை. மணிச் சத்தம் கேட்காதாம். வேலை இல்லாததால் நான் இதை எழுதுகிறேன்.

‘சாயங்காலம் எமில்பெக் படியிறங்கி வந்து கல்லைத் தூக்கி என் கையில்’ – நிறுத்திவிட்டேன். இது பஜாரில் முன்கூட்டியே தொட்டில் வாங்கி வைப்பது போல. முடிவே எழுதாமல் விடலாம் என்றால், அது ஒரு துணிகூட வாங்காமல் இருப்பது போல. இரண்டையும் அவன் செய்து பார்த்துவிட்டான்.

எனவே துண்டுகளாகத் தருகிறேன். ஒரு படிக்கட்டு. இறங்கி வரும் கால்கள். கல்லின் முடிச்சை அவிழ்க்கும் ஒரு கை. ஓர் அழுகை, யாருடையது என்று குறிக்கவில்லை.

நீங்கள் பொருத்திப் பார்ப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த வியாதிக்காரன்தான். போன் வரும் வரை ஒட்ட மட்டும் வேண்டாம்.